வேல் எடுத்த கன்னமும் மூச்சுப்பையும்

என் தங்கச்சிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அம்மனிடம் நேர்ந்துகொள்ளும்போது தன் உடம்பை விட்டுவிட்டு அடுத்தவர் உடம்பைத் தருவதாகச் சொல்லிவிடுவாள். சிறுவயதில் அவளுக்கு அம்மை போட்டபோது, குணமானால் அண்ணன் மொட்டை போட்டுக்கொள்வான் என்று வேண்டிக்கொண்டாள். குணமானது. அந்த மாதம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் என் தலையைத் தட்டிப் பார்க்காதவன் கிடையாது.

அவள் கல்யாணத்துக்குப் பிறகு என் தலை தப்பியது. அவள் கணவன் மாட்டிக்கொண்டான். அவனும் நானும் மலாக்கா பொம்பாவில், அதாவது தீயணைப்புப் படையில், ஒன்றாகச் சேர்ந்த கூட்டாளிகள். மாப்பிள்ளையாக வருவதற்கு முன்பே வாடா போடா என்று பழகிவிட்டதால், தங்கச்சி எதிரில் மட்டும் 'வாங்க மாப்ள' என்று நடிப்பேன். அவள் அடுப்படிக்குப் போனதும் பழையபடி 'டா'தான். எங்கள் இரண்டு வீடுகளும் காஜா பெராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் இருந்தன. பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மாள். தமிழ்ச் சாமியைக் கும்பிட்டு, மலாயில் பேசுகிறவர். அவரைப் பீபி என்று கூப்பிடுவோம்.

தங்கச்சிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை நின்றது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவளுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. சமைக்கும்போதும் ஒரு கை வயிற்றில் இருக்கும். கம்போங் செட்டி மாரியம்மன் திருவிழாவில் புருஷன் இரண்டு கன்னமும் ஊடுருவ வேல் குத்திக்கொள்வான் என்று நேர்ந்துகொண்டாள். அவனிடம் அதைச் சொன்னது நேர்ந்துகொண்ட பிறகுதான். அவன் சரி என்றான். அவள் எதைச் சொன்னாலும் அவன் சரி என்பான், அதுவே எனக்குப் பாதி எரிச்சல்.

எனக்குப் பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் அவன் வாய் அவனுக்கு மட்டும் சொந்தமில்லை, பொம்பாவுக்கும் சொந்தம். அது ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் நிலையத்தில் இரண்டே இரண்டு மூச்சுப்பைகள் இருந்தன. பெயர் நாங்கள் வைத்தது. நெஞ்சில் கட்டிக்கொள்ளும் ரப்பர் பை, இடுப்புக்குப் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர், பையிலிருந்து வாய்க்கு வரும் நெளிகுழாய். முகமூடி கிடையாது. குழாயின் நுனியில் உள்ள ரப்பர்த் துண்டை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் செருகிக் கடித்துக்கொள்ள வேண்டும். மூக்கைக் கிடுக்கி போட்டு இறுக்கிவிடுவார்கள். கண்ணுக்குத் தனியாக ஒரு கண்ணாடி. மற்றக் கருவிகளில் விட்ட மூச்சு வெளியே போய்விடும். இதில் போகாது. விட்ட மூச்சே பைக்குள் திரும்பிப்போய், அங்கே சுண்ணாம்புக் கல் மாதிரிக் கிடக்கும் மருந்தில் பட்டுக் கெட்டது கழிந்து, சிலிண்டரிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் சேர்ந்து, மறுபடியும் நம் வாய்க்கே வரும். அதனால்தான் அத்தனை சின்ன சிலிண்டரை வைத்துக்கொண்டு நெடுநேரம் உள்ளே இருக்க முடிகிறது. கப்பலின் அடித்தளம், மூடிய தொட்டி என்று காற்றுக்குழாயை இழுத்துக்கொண்டு போக முடியாத இடங்களுக்கு இதைவிட்டால் வேறு கதி இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. போட்டுக்கொண்டவனுக்குத்தான் தெரியும். மருந்து சூடேறச் சூடேற மூச்சும் சோற்றுப் பானை ஆவி போலச் சுடும். எச்சில் தாடையில் வழியும், துடைக்க முடியாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, பேச முடியாது. என்னைப் போல் வாய் ஓயாதவனுக்கு அது பெரிய தண்டனை. கழுத்தில் ரப்பர் உருண்டை வைத்த ஓர் ஊதுகொம்பு தொங்கும். ஒரு தடவை அழுத்தினால் நில். இரண்டு தடவை என்றால் வா. விடாமல் அழுத்தினால் ஆபத்து. மனிதனுக்குச் சொல்ல இருக்கும் எல்லாவற்றையும் அந்த மூன்றுக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

எங்களைப் பழக்கிய வெள்ளைக்காரத் துரை இரண்டு விஷயத்தில் பிடிவாதக்காரர். வாய்க்குள் வெளிக்காற்று ஊசி முனையளவுகூட நுழையக்கூடாது என்பார். முன்பல் போனவனையும் சளி பிடித்தவனையும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்தது, எவனும் தனியாக உள்ளே போகக்கூடாது. போனாலும் இரண்டு பேர், வந்தாலும் இரண்டு பேர். அதைத் தன் கொச்சை மலாயில் "டுவா மாசோக், டுவா கெலுவார்" என்று தினமும் சொல்லிச் சொல்லி, நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதே குரலில் சொல்லிச் சிரிக்கும் அளவுக்கு ஆக்கிவிட்டார்.

மூச்சுப்பை போடத் தெரிந்தவர்கள் எங்களில் நான்கு பேர். சுதந்திரம் வரப்போகிறது, வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பல் ஏறப்போகிறார்கள், அவர்கள் நாற்காலிக்கு நம் ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்று இரண்டு பேரைக் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது மாப்பிள்ளையும் நானும். துரை மேலே நின்று கயிற்றையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்.

திருவிழாவன்று காலையில் கோயிலில் நானும் இருந்தேன். வேல் குத்தும்போது அவன் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது நான்தான். வேல் சுண்டுவிரல் கனம் இருந்தது. ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வந்தபோது அவன் தலை என் கைகளுக்குள் ஒரு நடுக்கம் நடுங்கியது, அவ்வளவுதான். ரத்தம் வரவில்லை. ஊர்வலம் முடிந்து உச்சிவேளையில் வேலை உருவி எடுத்ததும் பூசாரி இரண்டு கை நிறையத் திருநீறு எடுத்துக் கன்னங்களில் அழுத்தி அப்பினார். தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் கை வயிற்றிலிருந்து இறங்கித் தொங்கியதைப் பார்த்தேன். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

நிலையத்துக்குப் போய்ச் சட்டை மாற்றி முடிக்கவில்லை, தொலைபேசி வந்தது. குருபோங் பக்கத்தில் ஒரு கித்தா பெக்டரி, அதாவது ரப்பர் தொழிற்சாலை. கித்தாப் பாலை உறைய வைத்தபிறகு மிஞ்சும் புளித்த தண்ணீரைத் தரைக்கு அடியில் ஒரு செமெண்டுத் தொட்டியில் விட்டிருந்தார்கள். உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டது என்று ஓர் ஆள் இறங்கியிருக்கிறான், ஏறி வரவில்லை. அவனைத் தேடி இன்னோர் ஆள் இறங்கி, அவனும் வரவில்லை. புளித்த கித்தாத் தண்ணீரின் வாயு முதலில் கூமுட்டை நாற்றம் நாறும், பிறகு நாற்றமே தெரியாது, பிறகு ஆளே விழுந்துவிடுவான். ஆனால் முதல் ஆள் சாகவில்லை. குழாயை மேலே பம்பிலிருந்து கழற்றி வைத்திருந்தார்கள். அதன் வழியாகக் கீழிருந்து தட்டும் சத்தம் வருகிறதாம். குழாய் வாயில் முகத்தை வைத்து அதில் வரும் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறான் என்று துரை உடனே புரிந்துகொண்டார்.

"உன் மைத்துனனைக் கூப்பிடு" என்றார். அவன் கன்னத்தில் இன்று காலை வேல் குத்தியிருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் மொத்தச் சாமிகளும் விசாரணைக் கூண்டில் நின்றன. வண்டி எங்கள் சந்துக்குள் மணியடித்துக்கொண்டே நுழைந்தது.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்தான். கன்னம் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"மாப்ள, கித்தா பெக்டரி தொட்டில ரெண்டு பேரு. ஒருத்தன் இன்னும் தட்டிக்கிட்டு இருக்கானாம். கன்னம் எப்படிடா இருக்கு?" தங்கச்சி நிற்பதையும் மறந்து 'டா' போட்டுவிட்டேன்.

அவன் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். வாய் நிறைய எடுத்து, இரண்டு கன்னமும் உப்பும்படி ஊதிக் காட்டினான். எனக்குக் காட்டினான், வண்டியிலிருந்து இறங்கி வந்த துரைக்கும் காட்டினான். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தண்ணீரை விழுங்கிவிட்டு, "அம்மா குத்துன ஓட்டை மச்சான், அம்மாவே மூடிட்டா" என்றான்.

துரை விரலால் தொட்டுப் பார்த்தார். தலையாட்டினார். நானும் என் கண்ணால் பார்த்தேன், நம்பினேன். ஓட்டையை அடைத்திருந்தது சதை அல்ல, காய்ந்து இறுகிய திருநீறு என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. மூச்சுப்பையின் சூட்டிலும் எச்சிலிலும் அது எத்தனை நேரம் நிற்கும் என்றும் தோன்றவில்லை.

"அண்ணே, அவர கூட்டிக்கிட்டுப் போவாதண்ணே. இன்னிக்கு ஒரு நாளு மட்டும் வேணாம்ண்ணே." தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போலன்னா உங்கண்ணன் மட்டும் போவ முடியாதுலா" என்று அவன்தான் அவள் கையை விலக்கினான். "அந்த ஆளு தட்டுறான், கேட்டீல்ல?" பீபி வந்து அவள் தோளைப் பிடித்து, "ஜாங்கான் தாக்குட், ஜாங்கான் தாக்குட்" என்றார். பயப்படாதே என்று அவர் சொன்னதும்தான் தங்கச்சி ஓவென்று அழுதாள்.

பெக்டரியில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். முதலாளி தவுக்கே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். பம்பின் பக்கத்தில், கழற்றிய குழாயின் மேல் கவிழ்ந்தபடி ஒரு பெண். அங்கேயே வேலை செய்கிறவள், பால் கறை படிந்த வேலைச் சட்டையோடு இருந்தாள். குழாயில் வாயை வைத்து, "இருங்க, வந்துட்டாங்க, இன்னும் கொஞ்ச நேரம்" என்று கத்துவாள். பிறகு காதை வைப்பாள். டொக், டொக் என்று கீழிருந்து பதில் வரும். கீழே தட்டிக்கொண்டிருந்தது அவள் புருஷன்.

நாங்கள் பையைக் கட்டிக்கொண்டோம். துரை ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தார். பையிலிருந்த பழைய காற்றை உறிஞ்சி வெளியே விட்டு, ஆக்சிஜனால் நிரப்பி, மறுபடியும் காலி செய்து நிரப்பினோம். மாப்பிள்ளை வாயில் ரப்பரைக் கடித்தபோது முகம் சுளித்தான். நான் புருவத்தைத் தூக்கிக் கேட்டேன். கட்டைவிரலை உயர்த்தினான். "டுவா மாசோக், டுவா கெலுவார்" என்றார் துரை. அன்று யாரும் சிரிக்கவில்லை.

இரும்பு ஏணியில் நான் முதலில் இறங்கினேன். முழங்கால் வரை கொழகொழவென்று தண்ணீர். நெஞ்சில் மாட்டிய விளக்கின் வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை. இரண்டாவதாக இறங்கிய ஆள் ஏணிக்குப் பக்கத்திலேயே கிடந்தான். சேற்றுக்கு மேலே முகம் இருந்தது அவன் செய்த புண்ணியம். கயிற்றைக் கட்டி இழுத்துக்காட்டினோம், மேலே தூக்கிக்கொண்டார்கள். அவன் பிழைத்தான். அதன்பிறகு எத்தனையோ வருஷம் பசாரில் என்னைக் கண்டால் மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவான், எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது.

தொட்டியின் நடுவில் குறுக்குச் சுவர். அதன் அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு திறப்பு. தட்டும் சத்தம் அதற்கு அந்தப் பக்கம் இருந்து வந்தது. நான் நுழைந்தேன், பின்னால் அவன் நுழைந்தான். நிமிர்ந்ததும் விளக்கு அந்த ஆள்மேல் பட்டது.

குழாயை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து, அதன் வாயில் தன் வாயை வைத்து நின்றிருந்தான். அடைப்பை எடுக்க அடித்துண்டைக் கழற்றியிருந்ததால் குழாய் நுனி நெற்றி உயரத்தில் இருந்தது, அதற்காகக் குதிகாலைத் தூக்கி நின்றிருந்தான். கையில் ஒரு ஸ்பானர், அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறான். வெளிச்சத்தைப் பார்த்ததும் ஒரு கையை எங்களை நோக்கி நீட்டினான். இரண்டு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம்.

அப்போது பின்னால் தண்ணீரில் யாரோ உட்கார்ந்த சத்தம்.

திரும்பினேன். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். விளக்கை அவன் முகத்துக்குக் கொண்டுபோனேன். வியர்வையும் எச்சிலும் திருநீற்றைக் கரைத்துத் தாடையில் சேறாக வடித்திருந்தன. இடது கன்னத்தில் ஒரு குமிழ். மூச்சு விட்டால் குமிழ் பெரிதானது. இழுத்தால் உள்ளே போனது. வலது கன்னத்திலும் இன்னொன்று. கண்ணாடிக்குள் அவன் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. அவன் கை மெல்ல மேலே வந்து வாய்க்குழாயைப் பிடித்தது. பிடுங்கப் போகிறான் என்று தெரிந்தது.

அந்தக் கையைத் தட்டிவிட்டு, என் இரண்டு உள்ளங்கைகளையும் அவன் கன்னங்களில் வைத்து அழுத்தினேன். என் பலம் முழுவதையும் அதில் வைத்தேன். அவன் தலையாட்டித் திமிறினான். வலித்திருக்கும். நான் விடவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு வலியாவது, புண்ணாவது. கொஞ்சம் மூச்சு இழுத்தான், கண்கள் ஒரு கணம் என்னிடம் திரும்பின, மறுபடியும் சொருகின.

எனக்கு இருந்தது இரண்டு கைகள். இரண்டும் அவன் கன்னத்தில். அந்த ஆளைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு கன்னத்தை விட வேண்டும். விட்டால் என் தங்கச்சி புருஷன் அங்கேயே செத்துப்போவான். அவள் வயிற்றில் ஆறு மாதம். யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. இன்றைக்கு அதே இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். அதற்காக யார் என்னைத் திட்டினாலும் திட்டிக்கொள்ளட்டும்.

ஆனால் அந்த ஆளிடம் சொல்ல வேண்டியிருந்தது. 'இரு, இவனை விட்டுவிட்டு வருகிறேன், தட்டிக்கொண்டே இரு' என்று ஒரே ஒரு வரி. வாயில் ரப்பர். தலையைத் திருப்பி அவனைப் பார்த்தேன். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. முழங்கையால் ஊதுகொம்பை அழுத்தினேன், ஒரு தடவை. நில் என்று அர்த்தம். அவனுக்கு அது எப்படித் தெரியும்? கித்தாப் பெக்டரி ஆளுக்கு எங்கள் மூன்று வார்த்தைப் பாஷையை யார் கற்றுக்கொடுத்தார்கள்?

திறப்பு வழியாக மாப்பிள்ளையை எப்படிக் கொண்டுவந்தேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்ல வராது. நான் பின்பக்கமாக ஊர்ந்தேன். அவன் முகம் என் கைகளுக்குள் இருந்தது. முகத்தைப் பிடித்தே ஆளை இழுத்தேன். முதுகில் சிலிண்டர் சுவரில் உரசியது. என் மூச்சு கொதித்தது. பின்னால் டொக், டொக் என்று சத்தம் வேகமாகக் கேட்டது. கோபமாகத் தட்டுகிறான் என்று தோன்றியது. கோபம்தான், வேறென்னவாக இருக்கும்?

ஏணியடியில் ஊதுகொம்பை விடாமல் அழுத்தினேன். கயிறு வந்தது. கட்டுவதற்குக் கையை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தேன், கட்டினேன், இழுத்தார்கள். என் தலைக்கு மேலே அவன் இரண்டு பூட்ஸ்களும் ஆடிக்கொண்டே வெளிச்சத்துக்குள் போயின.

நான் ஏறி வந்தபோது அவனைப் புல்லில் கிடத்தி, முதுகை அழுத்தி மூச்சு வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். நிறம் மாறிப்போயிருந்தான். நின்று பார்க்க நேரம் இல்லை. திரும்ப ஏணியில் காலை வைத்தேன். துரை என் வாரைப் பிடித்து இழுத்தார். தனியாக விடமாட்டேன் என்றார். ரப்பரைத் துப்பிவிட்டு, நல்ல தமிழில் அவர் பரம்பரையையே திட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது. அவர் அதற்குள் மாப்பிள்ளையின் மூச்சுப்பையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டிருந்தார். அவசரத்திலும் ஒன்றையும் தவறவிடவில்லை. மருந்தை மாற்றச் சொன்னார், குழாயைக் கழுவச் சொன்னார், பையைக் காலி செய்து நிரப்பினார், மறுபடியும் காலி செய்து நிரப்பினார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். "அவரு தட்டுறாரு. கேக்குதா உங்களுக்கு? இந்தா, கேளுங்க."

குழாயில் காதை வைத்தேன். டொக் என்றது. நெடுநேரம் கழித்து இன்னொரு டொக். இப்போது என் வாயில் ரப்பர் இல்லை. குழாய்க்குள் குனிந்து, "வர்றோம்! விட்டுட்டுப் போவல! வர்றோம்!" என்று கத்தினேன்.

பதில் வந்ததா இல்லையா என்று எனக்கு நிச்சயமில்லை. துரை தயாராகிவிட்டார், நான் ரப்பரைக் கடித்துக்கொண்டேன்.

நாங்கள் திறப்பைத் தாண்டியபோது சத்தம் இல்லை. அவன் ஒரு கை குழாயைச் சுற்றி வளைத்தபடி இருந்தது, அதனால் தண்ணீரில் விழாமல் தொங்கினான். இன்னொரு கை நீட்டியபடி இல்லை. அதை மட்டும் முதலில் பார்த்தேன். மேலே கொண்டுவந்து துரையும் நானும் மாறிமாறி முதுகை அழுத்தினோம். அந்தப் பெண் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் முகத்துச் சேற்றைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துரை கையை எடுத்த பிறகும் நான் அழுத்திக்கொண்டிருந்தேன். யாரோ என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளைக்கு நினைவு திரும்பியிருந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, ஆனால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். வெளியே பெஞ்சில் தங்கச்சியும் பீபியும். என்னைக் கண்டதும் தங்கச்சி எழுந்து ஓடிவந்தாள். "அண்ணே, நான் அம்மாகிட்ட கேட்டுக்கிட்டேன்ண்ணே. ரெண்டு பேரும் உசுரோட வந்தா அடுத்த வருசம் அண்ணன் அலகு குத்திப்பாருன்னு நேந்துக்கிட்டேன்."

என் உடம்பில் சேறு காயவில்லை. என்ன சொன்னேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் முகம் சுளிப்பீர்கள். அவன் கன்னத்தில் ஓட்டை போட்டது போதாதா, இப்போது என் கன்னமுமா, அந்த ஓட்டையால் ஒருத்தன் செத்துக் கிடக்கிறானே, உன் நேர்த்திக்கடனுக்கு ஊரில் வேறு கன்னமே கிடைக்கவில்லையா என்று கத்தினேன். தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். தங்கச்சி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவள் இரண்டு கைகளும் வயிற்றில் இருந்தன.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தான், வேலைக்கும் வந்தான். மூச்சுப்பையை மட்டும் தொடவில்லை. தினமும் காலையில் பைப்படியில் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பான். இரண்டு கையாலும் கன்னத்தைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பான். ஓட்டைகள் மூடி இரண்டு கறுப்புப் புள்ளிகளாகிவிட்டன. அப்புறமும் விடவில்லை. ஒரு நாள் பக்கத்தில் போய், "போதும்டா" என்றேன். தண்ணீரைத் துப்பிவிட்டு, "அவரு கைய நீட்டுனாருல்ல மச்சான்?" என்று கேட்டான். அவன் அதைப் பார்த்திருக்கிறான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆமாம் என்றேன். 

துரை எங்களை ஒரு குறையும் சொல்லவில்லை. தானும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டியவர்தானே. புதிதாக ஆட்களைப் பழக்கும்போது, பல்லையும் சளியையும் பார்ப்பதோடு கன்னத்தையும் உள்ளே விரல் விட்டுப் பார்க்க ஆரம்பித்தார். வேல் குத்திக்கொண்டவன் புண் முழுக்க ஆறும் வரை மூச்சுப்பையை ஒப்படைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

சுதந்திரக் கொடி ஏறிய சில நாட்களில் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குரல், சந்து முழுக்கக் கேட்கும். பீபி சுடவைத்த துணியை மடித்து மடித்து எடுத்துவந்து கொடுத்தார். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்குவான், ஆனால் கன்னத்தோடு கன்னம் வைக்கமாட்டான். அது சிணுங்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

திருவிழா மறுபடியும் நெருங்கியது. நான் அலகைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. தங்கச்சியும் எடுக்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் நேர்த்திக்கடனை அவள் விட்டதே கிடையாது. கடைசியில் நானே கேட்டேன். "என்ன, உன் அம்மாவுக்கு என் கன்னம் வேணாமாமா?"

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நான் அன்னிக்கு ரெண்டு பேரத்தான்ண்ணே கேட்டேன். அவ ரெண்டு பேர குடுத்துட்டா. உள்ள இன்னொருத்தர் தட்டிக்கிட்டு இருக்காருன்னு எனக்குத் தெரியும். நீ வாசல்ல நின்னு சொன்னத நான்தான் கேட்டேனே. அவரையும் சேத்துக் கேக்கணும்னு எனக்குத் தோணலண்ணே." கொஞ்ச நேரம் குழந்தையின் தலையைத் தடவினாள். "அந்த அக்காவ பசார்ல பாக்குறப்பல்லாம் ஒளிஞ்சிக்கிறேன். உன்ன எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?"

ஒரு வருஷமாக அவள்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதை ஒளிக்க ஒன்றுமில்லை.

மறுநாள், துரை சொல்லிவைத்த விதிப்படி, நிலையத்தில் என் மூச்சுப்பையை ஒப்படைத்துவிட்டு வந்தேன். கோலாலம்பூர் போனவர்கள் திரும்பியிருந்தார்கள், புதிதாக இரண்டு பேர் பழகியிருந்தார்கள், ஆள் பஞ்சம் இல்லை. கோயிலுக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். "குத்திக்காத மச்சான்" என்று ஒரு தடவை சொன்னான். நான் கேட்கவில்லை என்றதும், எனக்குப் பின்னால் போய் நின்று என் தலையைப் பிடித்துக்கொண்டான்.

வலித்தது. பக்தி உள்ளவனுக்கு வலிக்காது என்பார்கள், எனக்கு வலித்தது. ஊர்வலம் கம்போங் செட்டியைச் சுற்றி வந்தது. குழந்தையைப் பீபி தூக்கிக்கொண்டார், தங்கச்சி பால்குடத்தோடு நடந்தாள். முச்சந்தியில் கூட்டத்தோடு பெக்டரியில் பார்த்த அந்தப் பெண்ணும் நின்றிருந்தாள். தங்கச்சி இந்த முறை ஒளியவில்லை. குடத்தோடு அவள் முன்னால் போய் நின்றாள். வாயில் வேல் இருந்ததால் என்னால் எதுவும் பேச முடியவில்லை. அந்தப் பெண் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எங்கள் பின்னால் வருகிறவர்களோடு சேர்ந்து நடந்தாள்.

பூசாரி வேலை உருவினார். திருநீறு எடுக்கக் குனிந்தார். அதற்குள் மாப்பிள்ளை முன்னால் வந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் கன்னங்களில் வைத்து அழுத்தினான். "எடுப்பா, நான் திருநீறு போடணும்" என்றார் பூசாரி. அவன் காதில் அது விழவில்லை. அவன் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது, அவன் கண்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"காத்து போவுதா மச்சான்?" என்று கேட்டான்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் கையை எடுக்கவில்லை.